நாக்பூரில் நின்ற பச்சை வண்டி

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச வந்துவிட்டான், இவன் யார் என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது. ஒரகடம் ரோட்டில் மூன்று ஷெட் கட்டியிருக்கிறேன். கார் கம்பெனிகளுக்குள்ளே சாமான் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகிற இரும்புத் தள்ளுவண்டிகளில் பாதிக்குமேல் என் ஷெட்டில் பிறந்தவை. சுங்குவார்சத்திரத்தில், லைன் வேலைக்கு வெளியூரிலிருந்து வருகிற பெண்பிள்ளைகள் தங்க மாடி வைத்த விடுதி கட்டினேன். கல்யாண மண்டபம் கட்டினேன். எந்த மழைக்கும் ஒழுகாது, போய்ப் பாருங்கள். ஏரிக்கரை அம்மன் கோயிலுக்கு இரும்புக் கதவு நானே வளைத்துப் போட்டேன். இத்தனையும் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் செய்தது. செக்கில் கையெழுத்துப் போடும்போது என் பெயரின் கடைசி எழுத்து இன்றைக்கும் சாய்ந்துதான் விழும். விழட்டும். செக் திரும்பி வந்ததில்லை.

இதற்கெல்லாம் முன்னால் நான் செய்தது ஐந்து கார். அதோடு சேர்த்து ஓர் இந்தியாவையும் கட்டினேன், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும். அது நம்முடைய ஏரிக்குள் இருந்தது.

என் வயசுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மண்ணூர்ப் பக்கம் நம் ஊரில் அந்த வருஷம் ஏரி காய்ந்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். மதகுக்குக் கீழே மீன் செத்து நாறி, பிறகு அந்த நாற்றமும் காய்ந்துபோனது. சேறு தட்டுத் தட்டாக வெடித்துக் கிடந்தது. ஓரமாக ஈரம் இருந்த இடத்தில் ஆளாளுக்குப் பாத்தி பிடித்து வெள்ளரி போட்டார்கள். என் அப்பாவும் போட்டிருந்தார். அவருடைய பாத்திக்கும் அவருடைய பெரியப்பா மகன் பாத்திக்கும் நடுவில் ஒரு முழம் வரப்பு. அந்த ஒரு முழத்துக்காக இரண்டு பேரும் பேச்சை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தக் கோடையில்தான் போஸ்ட் மாஸ்டர் நம் ஊருக்கு வந்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கோயிலைச் சேர்ந்த குடும்பம். அவர் மகனுக்கு என் வயசு. வெள்ளைச் சட்டை போட்டு, ஊக்கு குத்தாத கால்சட்டை போட்டு வருவான். அவனிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் யாரோ துரை விட்டுப்போன பழைய புத்தகத்திலிருந்து கிழித்த படங்கள். எல்லாம் கார். பெட்டியைத் திறந்தால் கற்பூர வாசனையும் பழைய காகிதத்தின் புளிப்பும் சேர்ந்து வரும். முன் மூடி நீளமாக, கண் மாதிரி விளக்கு துருத்திக்கொண்டு, கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறப் பலகை வைத்த கார்கள்.

"இதெல்லாம் வெச்சு ஒரு ரேஸ் விடலாம்டா" என்றான். "கன்னியாகுமரியில ஸ்டார்ட். காஷ்மீர்ல முடியும்."

"காரு எங்க?"

"நாம செய்யணும்."

'நாம' என்றான். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எல்லாம் அவன் வைத்தது. ரேஸ் நடப்பது வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருஷம். அதற்குப் பிறகு வந்த எந்தக் காரும் உள்ளே வரக் கூடாது. கார் மட்டும் இல்லை, ஒரு திருகாணி கூட வரக் கூடாது. அளவு, நிஜக் காரில் ஓர் அடி என்றால் நம் காரில் அரை அங்குலம். படம் காட்டியது அவன்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் படத்தில் அளவு இருக்காது. அளவு எடுத்தது யார்?

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் பெங்களூர் போகிற வண்டிகள் நிற்கும். அந்தக் காலத்துக் கார்கள் வயசாகி, டாக்சியாக ஓடிக்கொண்டிருந்தன. டிரைவர் டீ குடிக்கிற நேரத்துக்குள் நான் சணல் கயிற்றோடு வண்டிக்குக் கீழே நுழைந்துவிடுவேன். அச்சுக்கு ஒரு முடிச்சு, கதவுக்கு ஒரு முடிச்சு, கூரைக்கு ஒரு முடிச்சு. சூடான எண்ணெய் முதுகில் சொட்டும்.

"டேய், யார்ரா அது அடியில? காத்து புடுங்குறியா?"

"இல்லண்ணே, அளக்கறேன்."

"இன்னாத்துக்கு அளக்குற? தச்சிப் போடப் போறியா வண்டிக்கு சட்ட?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நான் முடிச்சை அவிழாமல் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஊர் வரைக்கும் ஓடி வருவேன்.

உடம்பு கல்யாண முருங்கைக் கட்டையில். கத்தி போட்டால் வெண்ணெய் மாதிரி இறங்கும். மேலே எண்ணெய் டின் தகடு. விளக்குக்கு ரவிக்கையில் தைக்கிற அழுத்துப் பொத்தான். பெயிண்ட், பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் பூசி மிச்சம் வைத்தது. பச்சையும் சிவப்பும் இருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப் பளிச்சென்று பச்சை கிடையாது என்று அவன் சண்டை பிடித்தான். விளக்குக் கரியைக் கலந்து பச்சையைக் கறுக்க வைத்தேன். "இது ஓகே" என்றான். சிவப்பில் கரி கலந்தால் மெரூன். அது அவன் வண்டி. பச்சை என்னுடையது. மிச்சம் மூன்றும் பொது.

சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். எனக்குச் செருப்பே கிடையாது, வெட்டுவதற்கு எங்கே போவேன்? அவன்தான் வழி சொன்னான். சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் வாசலில் செருப்பு காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை, பீடை தொலைந்தது என்று சந்தோஷமாக வெறுங்காலோடு போவார்கள் என்றான். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தோம். ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை இடுப்பில் செருகிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். ஓர் அம்மா வெளியே வந்து அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "ஏழரை நாட்டு சனிங்க. இன்னியோட வுட்டுது" என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டது. இப்படித்தான் ஊரார் பீடையெல்லாம் எங்கள் சக்கரமானது. ஐந்து காருக்கும் வட்டம் பிசகாமல் வெட்டியது நான். அவன் வெட்டியது ஒன்று முட்டை மாதிரி வந்தது.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். என் பச்சை வண்டிக்குப் பின்னால் இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையல் துண்டு ஒட்டியிருந்தேன், மினுக்குகிற விளக்கு என்று. அவன் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளி வைத்தான்.

"தப்புடா. அந்த வருஷத்துக்கு இது கெடையாது."

"ரோட்ல எல்லா வண்டிக்கும் கீதே."

"இப்ப கீது. அப்ப கதவு பக்கத்துல இருந்து கை ஒண்ணு வெளிய நீட்டும். அதான் சிக்னல்."

படத்தைக் காட்டினான். கதவுகளுக்கு நடுவில் உள்ள தூணிலிருந்து சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சும்மா ஒட்டி வைத்தால் போதும் என்றான். எனக்குப் போதவில்லை. உடைந்த குடை ஒன்றின் கம்பியை எடுத்தேன். குடையைத் தாங்கிப் பிடிக்கிற சின்ன இரும்புத் தகடு இருக்கும் பாருங்கள், அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளி வருமே, அதையும் எடுத்தேன். வண்டியின் பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்தினால், இடது பக்கத் தூணிலிருந்து சிவப்புக் கை 'டக்' என்று வெளியே வரும். விட்டால் உள்ளே போகும். அவன் ஒரு மாலை முழுக்க அதையே அழுத்திக்கொண்டிருந்தான். "நீ இன்ஜினீயர்டா" என்றான். என்னை வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அவன் ஒருத்தன்தான்.

ரேஸ் மதகில் தொடங்கியது. மதகுதான் கன்னியாகுமரி. புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் அல்லவா? எங்கள் சக்கரத்துக்கு எலுமிச்சை மலை மாதிரி இருந்தது. நன்றாகப் பழுத்த இலந்தைப் பழம் வைத்தோம். பூசணிக்குப் பதிலாகக் கோவைப் பழம் உடைத்தோம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெளுக்கத் தேய்த்து உருட்டுவோம். வெள்ளை விழுந்த கணக்குக்கு வண்டி நகரும். எல்லாம் கறுப்பாக விழுந்தால் பஞ்சர். மதுரை, சேலம் வரைக்கும் சரியாகப் போனது. அங்கிருந்து ரோடு நேராக பெங்களூர் போக வேண்டும் என்றான். எங்கள் சுங்குவார்சத்திரம் வழியாகப் போகாத ரேஸ் என்ன ரேஸ் என்று நான் கேட்டேன். இந்தியாவை அதற்காக ஒரு வளை வளைத்தோம். வெடிப்பெல்லாம் ஆறு. பாலத்துக்குப் பனங்கீற்று.

வழி நெடுக மைல்கல் நட்டோம். குவாரிப் பக்கம் கிடந்த கருங்கல் சில்லுகளைப் பொறுக்கி, சுண்ணாம்பு அடித்து, தலையில் மஞ்சள் பூசி, தாரில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும் தூரமும் எழுதினோம். எழுதியது அவன். நட்டது நான். அந்த வளைவுக்கு அப்பால், கயிறு பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, முதல் கல்லில் நின்றால் கடைசிக் கல் தெரியாத அளவுக்கு நேராக நட்டேன். அந்தக் கைதான் பின்னால் ஷெட் தூண்களை நட்டது.

அந்தக் கல்வரிசை ஹைதராபாத்தைத் தாண்டி, வடக்கே போய், நாக்பூருக்குள் நுழைந்தது. நாக்பூரில் என் அப்பா வெள்ளரி போட்டிருந்தார்.

காலையில் தண்ணீர் ஊற்றப் போன அப்பா, தன் பாத்திக்கு நடுவில் வெள்ளைக் கல்லும், அதன்மேல் எழுத்தும் நம்பரும் இருப்பதைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கல்லில் எழுதியிருந்தால் அது சர்க்கார் கல். சர்க்கார் கல் என்றால் கர்ணம் அளந்து நட்ட கல். நடு ராத்திரியில் கர்ணத்தைக் கையில் போட்டுக்கொண்டு, ஒரு முழ வரப்பை இல்லை, பாத்தியில் பாதியையே பங்காளி எழுதி வாங்கிவிட்டான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்தப் பக்கம் பங்காளியும் தன் பாத்தியில் கல்லைப் பார்த்து இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தார்.

"கர்ணத்துக்கு எவ்ளோ குடுத்துடா எம் பாத்தில கல்லு நட வெச்ச?"

"நீ நட வெச்சிட்டு எங்கையில கேக்குறியா? கர்ணம் வூட்டுக்குக் கோழி எடுத்துகினு போனது யாரு?"

"கோழியா? எம் பொண்டாட்டி முட்ட வித்துட்டு வந்தாடா, பேமானி!"

நான் கரையிலிருந்து கத்திக்கொண்டே ஓடினேன். "அது நாக்பூருப்பா! நாக்பூரு!" என்று. யாருக்குப் புரியும்? அப்பா கல்லைப் பிடுங்கக் குனிந்தார். பங்காளி மண்வெட்டிக் காம்பை ஓங்கினார். அப்பா வலது கையைக் குறுக்கே கொடுத்தார். பச்சைக் கரும்பை முறித்த மாதிரி ஒரு சத்தம்.

மதகடியில் விசாரணை வைத்தார்கள். கர்ணம், ஊர்ப் பெரியவர்கள், பிடுங்கிய கல் ஒரு குவியல். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய என் அப்பா. போஸ்ட் மாஸ்டரும் வந்திருந்தார், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. நான் நடுவில் போய் நின்று சொன்னேன்.

"நான்தான் நட்டேன். ரேஸுக்கு."

கர்ணம் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சங்கிலி புடிச்சி அளந்தாப்புல நேரா கீது. இத நீ நட்டியா? யாரு சொல்லிக் குடுத்து வந்து நிக்குற?"

"சாமி சத்தியமா நான்தாங்க."

"ஏண்டா, கோமணம் நேரா கட்டத் தெரியுமாடா ஒனக்கு?"

சிரிப்பு. என் அப்பாவே சிரித்தவர்களோடு சேர்ந்துகொண்டு, "சும்மா இர்ரா. பெரியவங்க பேசற எடத்துல" என்றார். நான் அவனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான். போஸ்ட் மாஸ்டர் கை அவன் தோளில் இறுகியது எனக்குத் தெரிந்தது.

"எங்க பையனுக்கு இந்தக் கல்லு சமாச்சாரமெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

அவன் வாயை மூடிக்கொண்டான். கல்லை நட்டது யார் என்று கடைசி வரைக்கும் ஊர் கண்டுபிடிக்கவில்லை. கர்ணத்தின் மேல் பழி போட்டதற்காக அப்பாவின் பாத்தியைத்தான் பறித்தார்கள்.

கை கோணலாகக் கூடியது. ஏர் பிடிக்க முடியாது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்று, சுங்குவார்சத்திரத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில், ஒரு மாட்டு வண்டி சாமான் ஏற்றிக்கொண்டு பட்டறையைத் தாண்டிப் போனது. போஸ்ட் மாஸ்டருக்கு மாற்றல். மூட்டைகளுக்கு மேலே தகரப் பெட்டி. அதன்மேல் அவன். விளையாடி முடித்ததும் ஐந்து காரையும் அந்தப் பெட்டியில்தான் வைப்போம், அவை உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்தான். நான் கையில் இருந்த சுத்தியலை உயர்த்திக் காட்டினேன். அவன் கை உயரவில்லை. சரிந்து விழாமல் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பிற்காலத்தில் நிஜமாகவே சர்க்கார் கல் வந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், அப்பாவுக்கு இருந்த ஒரு துண்டு நிலத்தில். நான் மதராஸில் வேலையாக இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அப்பா அந்தக் கல்லில் கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தார்.

"அப்பா, இன்னா கல்லு தெரியுமா இது?"

"பசங்க நட்டிருப்பானுங்க. நீகூடதான் நட்டேன்னு சொன்ன" என்றார்.

அவ்வளவு வருஷம் கழித்து, நம்பக் கூடாத இடத்தில் என்னை நம்பினார். அது ஆலைக்கு நிலம் எடுக்க நட்ட கல்; ஆட்சேபம் சொல்கிற கெடு தாண்டிப்போனது. இப்போது அந்த இடத்தில் உயரமான சுவர், உள்ளே கார் செய்கிற ஆலை.

அந்த ஆலைக்குத்தான் போன வருஷம் தள்ளுவண்டி ஆர்டர் விஷயமாகப் போனேன். கழுத்தில் விசிட்டர் அட்டையை மாட்டி, ஏசி ஹாலில் உட்கார வைத்தார்கள். பளிங்குத் தரை. நடுவில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு. ஐந்து கார். முதலில் எனக்கு அந்த முட்டைச் சக்கரம்தான் கண்ணில் பட்டது. அப்புறம் பச்சை. கரி கலந்த பச்சை. எழுந்து போய்க் கண்ணாடியில் கையை வைத்தேன்.

"தாத்தா, தொடாதீங்க" என்றான் செக்யூரிட்டி.

"நான் செஞ்சதுப்பா இது."

"சரி தாத்தா. ஒக்காருங்க. தண்ணி வேணுமா?"

கீழே அட்டையில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. இந்த மண்ணில் பிறந்த ஒரு பொறியாளர் தன் பன்னிரண்டாம் வயதில் தன் கையாலேயே செய்தவை என்று. கீழே அவன் பெயர், அவன் வாங்கிய பட்டங்கள். பெரிய கம்பெனியில் கார் வரைகிற வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவனாம்.

நான் விடவில்லை. ஹெச்.ஆர். பெண்ணிடம் போய்ப் போய் நின்றேன். நல்ல பெண். சார் வரும்போது சொல்கிறேன் என்றது, சொல்லவும் சொன்னது. என் மகன், "விடுப்பா. பொம்மைக்குப் போய் கம்பெனில சண்ட போடுவியா? ஆர்டர் போயிடும்" என்றான். போகட்டும் என்றேன்.

அவன் வந்தான். காதில் மிஷின், கையில் தடி, அதே வெள்ளைச் சட்டை. நான் ஊரைச் சொன்னேன், ஏரியைச் சொன்னேன்.

"ஆமாம், ஆமாம். ஊர்ப் பசங்க எல்லாம் நெறைய ஹெல்ப் பண்ணாங்க" என்றான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

ஹெல்ப். "பெட்டியைத் தொறம்மா" என்றேன். "பச்ச வண்டி ஸ்டெப்னிய அழுத்தினா கை ஒண்ணு வரும். செஞ்சவனுக்குத்தான் தெரியும்."

திறந்தார்கள். சுற்றிலும் ஆட்கள், ஆளுக்கொரு செல்போன். வண்டியைக் கையில் எடுத்தேன். எடை அதேதான். கட்டைவிரலை ஸ்டெப்னியில் வைத்து அழுத்தினேன். வரவில்லை. இன்னும் அழுத்தினேன். பிரஸ் மிஷினுக்கு நுனியைக் கொடுத்த விரல், ஆனால் பலம் குறையாத விரல். அசையவில்லை.

"அய்யோ, பாத்து தாத்தா. பழசாயிடுச்சுன்னு மேல கோட்டிங் குடுத்து எல்லாத்தையும் ஒட்டி ஃபிக்ஸ் பண்ணிட்டோம்" என்றது அந்தப் பெண். "பரவால்ல தாத்தா, விடுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. மதகடியில் சிரித்தார்களே, அது எவ்வளவோ மேல். ஆட்கள் கலைந்தார்கள். பெட்டியைப் பூட்ட அந்தப் பெண் சாவி எடுக்கப் போனது. நானும் அவனும் மட்டும். அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எங்க நின்னுது?"

"நாக்பூர்ல. என் பச்ச முன்னால."

"போடா. என் மெரூன்தான் முன்னால. ஒனக்கு ஹைதராபாத்ல பஞ்சர்" என்றான்.

அவன் முகம் அப்போது பன்னிரண்டு வயசு முகம். 'போடா' என்றான். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் சாவியோடு வந்துவிட்டது. அவன் தடியை ஊன்றி நிமிர்ந்தான். "பெரியவரைக் கேட் வரைக்கும் விட்டுட்டு வாங்கம்மா" என்றான்.

ஆர்டர் வரவில்லை. நான் இரண்டு முறை கேட்டனுப்பினேன். சார் சம்மதித்தால் மாற்றலாம் என்கிறார்கள். சாரிடம் கேட்டால் உடம்பு சரியில்லை என்கிறார்கள். அன்று மதகடியில் இருந்தவர்களில் எவர் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். கர்ணம் இல்லை, பங்காளி இல்லை, அப்பா இல்லை. இருப்பவர்களிலும் ஒருவருக்குப் பேச்சு போய்விட்டது, இன்னொருவர் மகளோடு வெளிநாட்டில். சாட்சிக்கு அந்தக் கை இருந்தது, அதையும் ஒட்டிவிட்டார்கள்.

மண்டபத்தில் என் பெயர் இருக்கிறது, கோயில் கதவில் இருக்கிறது. அவை காசு கொடுத்து நானே எழுதிக்கொண்டவை. இது அப்படி இல்லை. ஐந்து காருக்கும் சக்கரம் வெட்டியவன் நான். அளவு எடுத்தவன் நான். கை வைத்தவன் நான். ஏரியில் கல் நட்டவனும் நான்தான். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அவன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. படம் அவனுடையது, சட்டம் அவனுடையது. மெரூன் வண்டியும் அவனுடையது, எடுத்துக்கொள்ளட்டும்.

அட்டையில் இடம் இல்லை என்று கடைசியாகச் சொல்லி அனுப்பினார்கள். பொய். நான் அளந்து பார்த்தவன். அவன் பட்டங்களுக்குக் கீழே, ஓரத்துக்கு மேலே, அரை அங்குலம் வெள்ளையாக இருக்கிறது. என் பெயர் சின்னப் பெயர். போடுங்கள்.